பம்பு ஓசை இல்லாத ஏழு மணி

ஆனி 2, காலை. தென்முனை வானொலி, கீழ்க்கூடம்

மிக்சர் சரி. அனுப்புகருவி இயல்பான சூட்டில் இருக்கிறது. ஒலிபெருக்கிகளில் வலதுபக்கத்தது மட்டும் லேசாக அதிர்கிறது. திருகை முடுக்கினேன், நின்றது.

எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன். நிலாவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டுகிறவர்களுக்குத் தமிழில் பேச இருப்பது இந்த ஒரு நிலையம்தான். என் பெயர் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. இங்கே பொறியாளரும் நான்தான், அறிவிப்பாளரும் நான்தான், தரையைப் பெருக்குவதும் நான்தான்.

இன்றைய வேலை, மேல்விளிம்பில் அமையும் சின்ன ஸ்டுடியோவுக்கு ஒரு மைக் தேர்ந்தெடுப்பது. மேல்விளிம்பு என்பது இந்தப் பள்ளத்தின் உச்சிக் கரை. அங்கே ஒரே ஒரு அறை. பனியை ஆராய வந்த ஜெசிந்தா என்ற பெண் அதில் தனியாக இருக்கிறாள். தூத்துக்குடிப் பெண். கீழ்க்கூடத்தில் ஏதாவது கோளாறு என்றால் அங்கிருந்து பேச ஆள் வேண்டும் என்பது நிர்வாகத்தின் எண்ணம். நியாயம்தான். பழகுவதற்காக அவளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஏழு மணி.

அது என் நேரம். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் சோற்றுத் தட்டோடு உட்காரும் நேரம். எனக்கு இனி மதியம் இரண்டு மணியாம். இரண்டு மணிக்குக் குழிக்குள் துளைப்பான் ஓடிக்கொண்டிருக்கும். யார் கேட்பார்கள்?

மைக் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டோரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று டைனமிக், இன்னொன்று கண்டென்சர். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தில் வந்து பேசுகிறவர் பேச்சை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதைக் கண்டுகொள்ளாத ஒரு பெரியவர் இருப்பார். அவர்தான் டைனமிக். பந்தியில் தட்டு விழுந்தது, மாடியில் குழந்தை அழுதது, யாரோ யாரையோ பற்றி முணுமுணுத்தது எல்லாம் கேட்டுவிடும் அத்தை ஒருவர் இருப்பார். அவர் கண்டென்சர். ஆகவே அமைதியான அறைக்குக் கண்டென்சர், இரைச்சலான அறைக்கு டைனமிக். இதில் குழப்பமே இல்லை.

மேல்விளிம்பு அறையின் சுவரிலேயே காற்றுச் சுத்திகரிப்புப் பம்பு இருக்கிறது. நாள் முழுக்கக் கொர்ரென்று ஓடும்.

கண்டென்சரைக் கட்டி அனுப்பினேன்.

ஆனி 4, மாலை

மேல்விளிம்பில் பொருத்தும் வேலையை லைனில் சொல்லிக் கொடுத்து முடித்தேன். அங்கிருந்து வரும் எந்தக் குரலும் என் மிக்சர் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போகும் குரலும் அப்படித்தான்.

ஒலிபரப்பு அறைக்கு ஒரு பொது வழக்கம் உண்டு. மணி அடிக்கும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. டெலிபோன் மணி அடித்தால் நேயர் காதில் விழும், அதனால் மணியைக் கழற்றிவிட்டு விளக்கு வைப்போம். அவளுடைய பம்பின் எச்சரிக்கை மணியையும் அப்படியே கழற்றச் சொன்னேன். அதன் இடத்தில் பம்புக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கு. இதில் என் மனதில் எதுவும் இல்லை. எந்த ஸ்டுடியோவிலும் செய்வதைத்தான் செய்தேன்.

சுவர் வெறுமையாக இருப்பதால் குரல் எதிரொலித்தது. துணி ஏதாவது தொங்கவிடச் சொன்னேன். அவள் பதில்:

"யக்கா, எங்கிட்ட இருக்கது ரெண்டு சட்டையும் ஒரு துண்டும். அதையும் சுவத்துல மாட்டிட்டு நான் என்ன செய்ய? வானொலிதானே, யாரு பாக்கான்னு துணியில்லாம இருந்துர முடியுமா?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆனி 6, இரவுச் சாப்பாட்டுக்குப் பின்

முதல் நிகழ்ச்சி. நான் எதிர்பார்த்தபடியே பம்பு இரைச்சல் முழுக்க வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. தண்ணீர் குடித்தது கேட்டது. அவள் வயிறு கூட ஒரு தடவை சத்தம் போட்டது.

குழிகளிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டேன். மூன்றாம் குழி மேஸ்திரி பால்வண்ணன், பாளையங்கோட்டைக்காரர், அனுப்பியது:

"யக்கா, அந்தப் புள்ள பேசுதது பக்கத்துல ஒக்காந்து பேசுத மாதிரியே இருக்கு. வயிறு கத்துச்சுல்லா, சாப்பிட்டியா தாயின்னு கேட்டதாச் சொல்லுங்க. பின்னால கொர்ருன்னு ஒரு சத்தம் வருது பாருங்க, எங்க வீட்டுப் பழைய ஃபேன் மாதிரியே. பயலுக பாதிப் பேரு அதக் கேட்டே தூங்கிட்டானுவ."

என் நிகழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். "ஒங்க நிகழ்ச்சியும் நல்லாத்தான் இருக்கும் யக்கா. என்ன, ஆஸ்பத்திரில ஒக்காந்து கேக்குத மாதிரி இருக்கும். அம்புட்டுச் சுத்தம்."

என் அறையை அந்தச் சுத்தத்துக்குக் கொண்டுவர எத்தனை பாடு பட்டிருப்பேன். ஒவ்வொரு கேபிளாக மாற்றினேன். மின்விசிறியைத் தனி அறைக்குத் தள்ளினேன். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பேசினால் "ப" என்ற எழுத்து வெடிக்காது என்று நானே கண்டு பழகினேன். அவள் மைக்கை விழுங்குவதுபோல் பேசுகிறாள். அதுவும் பிடிக்கிறதாம்.

ஆனி 9, மாலை

பால்வண்ணன் ஆட்கள் வாரம் ஒரு தடவை வண்டியில் மேல்விளிம்புக்குப் போய்ப் பம்புக்கு எண்ணெய் போட்டுச் சரிபார்ப்பார்கள். இன்று போனவர்கள் போர்வைகளும் கொண்டுபோயிருக்கிறார்கள். தலைக்கு இரண்டு போர்வை வைத்திருந்தவர்கள் ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிரொலி என்று அவள் நிகழ்ச்சியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

இந்தக் குளிரில்.

"யக்கா, நாலு சுவரும் மூடியாச்சு. கம்பளிக்கடை மாதிரி இருக்கு. கேட்டுப் பாருங்க, இப்பம் குரல் எப்படி?"

கேட்டேன். குரல் மெத்தென்று வந்தது. நன்றாக இருந்தது. "பரவாயில்லை" என்று சொன்னேன். எனக்கு இதுவரை இங்கே யாரும் ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை. நான் கேட்டதில்லைதான். அவளும் கேட்கவில்லையே.

ஆனி 13, மதியம்

கருவிக் குறிப்பு. மேல்விளிம்பு லைனில் கேட் சேர்த்தேன்.

கேட் என்ன செய்யும் என்று சொல்கிறேன். அலுவலக வாசலில் ஒரு காவல்காரர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உரத்த குரலில் பேசி வருகிறவருக்குக் கதவைத் திறப்பார். தயங்கித் தயங்கி வருகிறவரை வெளியிலேயே நிறுத்திவிடுவார். ஒலியிலும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேலே ஒலி வந்தால் கேட் திறக்கும், கீழே போனால் மூடும். பேசும்போது குரல் கேட்கும். பேசாதபோது ஒன்றுமே கேட்காது. அந்த அளவை ஒரு குமிழில் வைக்க வேண்டும். எப்போதும் மிதமாக வையுங்கள். அதிகம் வைத்தால் மூச்சும், தயக்கமும், சொல்லின் கடைசி எழுத்தும் வெட்டுப்படும். ஒரு மனிதர் பேசுவதில் பாதி அதில்தான் இருக்கிறது.

நான் அதிகம் வைத்தேன்.

இரைச்சலை நீக்குவது என் கடமை. இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவளிடம் சொல்லவில்லை. அவள் ஹெட்போனில் அவள் குரல் நேராக அவள் மைக்கிலிருந்தே கேட்கும், அதனால் வித்தியாசம் தெரியாது.

ஆனி 14, நிகழ்ச்சிக்குப் பின்

பால்வண்ணன்: "யக்கா, புள்ள இன்னைக்கு எங்கேயோ தூரமாப் போன மாதிரி இருக்கு. அந்தக் கொர்ரு சத்தத்தக் காணுமே. பம்புக்கு என்ன?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "புதுப் பம்பு மாத்திட்டாங்க அண்ணாச்சி. ஆபீஸ்ல இருந்து வந்து வச்சிட்டுப் போனாங்க. அது சத்தமே போடாது."

எங்கிருந்து வந்தது அந்தப் பதில் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தேன், தயாராக இருந்தது.

"அப்படியா? அப்பம் இந்த வாரம் நாங்க எண்ணெய் போடப் போவாண்டாம்லா?"

"வேண்டாம்" என்றேன்.

அவர்கள் போகாவிட்டால் அவளுக்குப் போர்வை, பலகாரம் எதுவும் போகாது. அப்படித்தான் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஆனி 17, காலை

ஜெசிந்தா லைனில்: "யக்கா, அண்ணாச்சி இந்த வாரம் எட்டிக்கூடப் பாக்கலியே. கோவமா? என் ஜோக்கு எதுவும் பிடிக்கலியா?"

"குழியில வேலை ஜாஸ்தி" என்றேன்.

"சரிக்கா. எனக்கும் ரெண்டு நாளாத் தலைய வலிக்கு. ஹெட்போன் இறுக்கமா இருக்கு போல."

ஹெட்போன் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன்.

நேற்றைய நிகழ்ச்சிக்கும் செய்திகள் குறையவில்லை. கேட் போட்டும் அவளைத்தான் கேட்கிறார்கள். "புதுப் பம்பு வந்தாலும் புள்ள மாறல" என்று ஒருவர். இரண்டு மணி நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு செய்தி. நான் சொன்ன மணி சரியா என்று கேட்டிருந்தார்கள்.

ஆனி 20, மாலை

மிக்சரில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கேட்டுக்கு முன்னால் உள்ள ஒலி, என் ஹெட்போனில் மட்டும் கேட்கும். நேயர்களுக்குப் போகாது. இன்று ஏதோ நினைப்பில் அவள் லைனில் அதை அழுத்தினேன்.

பம்பு இடறுகிறது. கொர்ரென்று போய், ஒரு தடங்கல், மறுபடி கொர்ரென்று. இரும்பு இரும்பில் உரசுவது கேட்டது.

அவளுக்கு அந்த இரைச்சல் பழகிப்போயிருக்கும், வித்தியாசம் தெரியாது. வெளியில் இதைக் கேட்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். சொன்னால், "புதுப் பம்புக்கு அதுக்குள்ள என்ன கேடு?" என்று பால்வண்ணன் கேட்பார். கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே. அளவு மீறினால் எரியும், அவளே பார்த்துச் சொல்வாள். அப்போது "பம்பு மறுபடி கெட்டுப்போச்சு" என்று நானும் சொல்லிவிடலாம்.

நாளை பார்க்கலாம்.

ஆனி 21, மாலை 7.10

நிகழ்ச்சி ஓடுகிறது. நிதானமாகப் பேசுகிறாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரே கதையை இரண்டாம் தடவை ஆரம்பித்தாள். இரண்டாம் குழியிலிருந்து செய்தி: "இன்னைக்கு தூக்கக் கலக்கத்துல பேசுத மாதிரி இருக்கு. இதுவும் ஒரு அழகுதான்."

எது செய்தாலும் அழகுதான்.

7.16

பொத்தானை அழுத்தினேன். பம்பு இல்லை. அவள் மூச்சு மட்டும். வேகமாக, மேலோட்டமாக.

ஒலிபரப்பைப் பாட்டுக்கு மாற்றினேன். அவளைக் கவனிப்பதற்காகவா, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

7.19

"ஜெசிந்தா, பம்பு நின்னுடுச்சு. காற்றுடையைப் போடு, அதுல தனிக் காத்து இருக்கு. இப்பவே."

"ஓடுதேக்கா. கொர்ருன்னு காதுல கேக்குதே."

"அது உன் காதுல. பம்பு ஓடல. மஞ்ச விளக்கு எரியுதா பாரு."

"எந்த விளக்குக்கா? விளக்க எங்கயும் காணும். எல்லாம் போர்வையா இருக்கு."

நாலு சுவரும் மூடியாச்சு என்று அவள் சொன்னபோது நான் குரலின் மெத்தென்ற தன்மையைத்தான் கேட்டேன்.

7.22

பால்வண்ணனிடம் சொன்னேன். மேல்விளிம்புக்குப் போங்கள், பம்பு நின்றுவிட்டது என்று. "புதுப் பம்பால்லா?" என்றார். "போங்க அண்ணாச்சி" என்றேன். சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டி ஏறிவிட்டார்கள். மேடு ஏறிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

7.40

காற்றுடையை எடுத்தாள், கால்பக்கம் தலைய விட்டுட்டேன்க்கா என்று சிரித்தாள், உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் கேட்கிறது. துணி உரசுவது, முழங்கால் தரையில் படுவது. இந்த மைக்குக்கு எல்லாமே கேட்கும்.

தூங்கவிடக் கூடாது. போர்வையைக் கிழித்துப் போடச் சொன்னேன். திட்டினேன். உன் நிகழ்ச்சி சுமார்தான், குரல் தட்டை, மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை என்றேன். கோபம் வந்தால் விழித்திருப்பாள் என்று.

"அதான் யக்கா நானும் நெனச்சேன்," என்றாள். "நீங்கதான் சரியாச் சொல்லுவிய. மத்த எல்லாரும் சும்மா நல்லாருக்கு நல்லாருக்குன்னு."

8.05

"யக்கா."

"சொல்லு."

"பம்பு சத்தம் ரொம்ப வருதோ? அதான் எனக்கு மொதல்ல இருந்தே பயம். உங்க நிலையத்துப் பேரக் கெடுத்துரக் கூடாதுல்லா."

வரவில்லை என்றேன். நன்றாகக் கேட்கிறது என்றேன்.

8.20

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி. பேசிக்கொண்டே இருக்கிறேன். என்ன பேசினேன் என்று தெரியாது. வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி வரை சொன்னாள்.

மிக்சரில் ஒலியளவு காட்டும் முள் அசைகிறது. நிற்கிறது. அசைகிறது.

8.31

முள் அசையவில்லை. ஒலியளவை முழுக்க ஏற்றிவிட்டேன். அறையின் ஓசை மட்டும்.

8.47

கதவு. பூட்ஸ் ஒலி, பல பேர். "தாயி. ஏ தாயி, எந்திரி. எந்திரிம்மா. நாங்க வந்துட்டோம்லா." போர்வைகள் இழுபடும் ஓசை. யாரோ தரையில் உட்காருகிறார்.

பிறகு மைக்குக்கு மிகவும் பக்கத்தில் பால்வண்ணன்:

"யக்கா. கேக்கியளா. மைக்க அணைச்சிருங்க."

அணைத்தேன்.

ஆனி 24, மதியம்

இரண்டு மணி நிகழ்ச்சி ஒலிபரப்பவில்லை. பால்வண்ணன் லைனில் வந்தார். இதைச் சொன்னார்:

"யக்கா, அந்தப் பம்புக்கு மேல என் போர்வதான் கெடந்துச்சு. ஓரத்துல என் பேரு தச்சிருக்கும். தூக்கிப் பாத்தேன், பின்னால மஞ்ச வெளக்கு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. எம்புட்டு நேரமா எரிஞ்சுதோ. நான்தானே யக்கா குடுத்தேன். என் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டேன், ஒரு புள்ளயக் கொன்னுட்டேன்னு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார்:

"பம்பு பழைய பம்புதான். புதுசெல்லாம் வைக்கல. ஆபீஸ்காரன் ஒங்ககிட்டயும் பொய் சொல்லியிருக்கான். பாவம், நீங்க என்ன செய்வீய? அத நம்பித்தான நாங்களும் போகாம இருந்தோம். நீங்க அத மனசுல வச்சுக்கிடாதீங்க."

என்னைத் தேற்றுகிறார்.

"எல்லாரும் ஒண்ணு கேக்கானுவ யக்கா. அந்தப் புள்ள நேரத்த நீங்க எடுத்துக்கிடுங்க. ஏழு மணிக்கு யாராவது பேசணும். சோத்துக்கு ஒக்காந்தா அந்த நேரம் சும்மா கெடக்கது தாங்க முடியல."

சரி என்றேன்.

ஆனி 27, மாலை 6.50

மிக்சர் சரி. அனுப்புகருவி சரி. எல்லாக் குழிகளிலிருந்தும் செய்தி வந்திருக்கிறது, நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்பே. எல்லாம் என் பெயருக்கு. "யக்கா, காத்திருக்கோம்." "யக்கா, மெல்லப் பேசுங்க, போதும்." பால்வண்ணனிடமிருந்து மட்டும் எதுவும் இல்லை. அவர் சாப்பிட வருவதில்லையாம். தட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போய்விடுகிறாராம். ஆனால் ஏழு மணிக்கு மட்டும் ரேடியோவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார் என்று அவருடைய ஆட்கள் சொல்கிறார்கள்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிட்டேன். நான்கு வரிதான். கேட் நான் வைத்தது. புதுப் பம்பு என்று நான் சொன்னது. முந்தின நாளே எனக்குக் கேட்டது. போர்வை காரணமில்லை, அண்ணாச்சி.

7.00

சிவப்பு விளக்கு. வணக்கம் சொன்னேன். என் பெயர் சொன்னேன்.

தாள் எதிரில் இருக்கிறது. மைக் திறந்திருக்கிறது.

நிலையத்தில் இன்னொரு கருவி இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். அறிவிப்பாளர் மயங்கி விழுந்தாலோ, லைன் அறுந்தாலோ நேயர்களுக்கு வெறும் அமைதி போகக் கூடாது. அதனால் அது ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அரை நிமிடம் எந்தக் குரலும் வராவிட்டால், தானே ஒரு பாட்டைப் போட்டுவிடும். மிகவும் நம்பகமானது. இதுவரை ஒரு தடவைகூட அதற்கு வேலை வந்ததில்லை.

முதல் வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முள் கீழே கிடக்கிறது.

7.01

பாட்டு ஆரம்பித்துவிட்டது.

7.03

முதல் செய்தி வந்திருக்கிறது. மூன்றாம் குழி, பால்வண்ணன்.

"புரியுது யக்கா. ஒங்களாலயும் பேச முடியல. பாட்டே ஓடட்டும்."